அரைக் கொக்கி

பூமி ஆடியது மொத்தமே நாற்பது நொடிதான். ஒரு செம்புத் தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம். அதற்குள் ஊரில் பாதி உட்கார்ந்துவிட்டது. கொத்தனார் வீடும் அந்தப் பாதியில் சேர்த்தி.

பட்டப்பகல் பதினோரு மணி. கொத்தனார் வேறொருவர் வீட்டுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். அவர் மகள் தையல் வகுப்பில் இருந்தாள். பிறக்கும்போது கையளவுதான் இருந்தாளாம், அதனால் கடுகு என்று பேர் வைத்துவிட்டார்கள். இருபது வயதாகியும் அந்தப் பேர் போகவில்லை. கொத்தனார் மனைவியின் தம்பி, ஊர் முழுக்கக் கம்பிக்காரர் என்று கூப்பிடும் ஆள், ஒரு கடைக்கட்டடத்தின் உச்சியில் நின்று கம்பி கட்டிக்கொண்டிருந்தார். உச்சியில் நின்றவருக்கு ஒரு கீறல் இல்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவள்தான் போய்விட்டாள். எந்தக் கணக்கில் இதைச் சேர்ப்பது, சொல்லுங்கள்.

கொத்தனாருக்கு அவள் மனைவி. கம்பிக்காரருக்கு அக்கா. அம்மா சீக்கிரம் கண்ணை மூடியதால், தலைக்கு எண்ணெய் வைத்து, மூக்கைத் துடைத்துப் பள்ளிக்கு அனுப்பிய அக்கா.

அந்த வீட்டைக் கட்டியதும் இந்த இரண்டு பேர்தான். தூணுக்குக் கம்பி கட்டியவர் தம்பி, காங்கிரீட் போட்டுச் சுவர் எழுப்பியவர் புருஷன். வாசல் தூணுக்குக் கிளிப்பச்சைச் சாயம் அடிக்கச் சொன்னவள் அக்கா. தெருவே சிரித்தது. "சிரிக்கிறவங்க எல்லாம் வழி சொல்றப்ப என் தூணைத்தான் சொல்லப்போறீங்க" என்றாள். அப்படியேதான் நடந்தது. பச்சைத் தூண் வீட்டுக்கு இடப்பக்கம் என்றுதான் அந்தத் தெருவில் எல்லோரும் வழி சொன்னார்கள்.

இடிந்து மூன்று மாதம் ஆனபிறகும் ஊர் தகரக் கொட்டகையில்தான் இருந்தது. விளையாட்டு மைதானத்தில் வரிசை வரிசையாகக் கொட்டகை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். காலையில் தண்ணீர் லாரி வரும், அதன் பின்னாலேயே சண்டையும் வரும். எங்கிருந்தோ நல்ல மனசுக்காரர்கள் மூட்டை மூட்டையாக உதவி அனுப்பினார்கள். சும்மா சொல்லக் கூடாது, போர்வையும் பாத்திரமும் உயிரைக் காப்பாற்றின. ஆனால் ஒரு மூட்டை நிறையக் கல்யாணக் கோட்டாக வந்ததே, அதை என்னவென்று சொல்வது! தகரத்துக்கு அடியில் வேகிற வெயிலில் கோட்டு. நாலாம் வரிசைக் கிழவர் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டுதான் தினமும் கழிப்பறை வரிசையில் நின்றார். கொத்தனார் பழைய கொத்தனாராக இருந்திருந்தால் அந்தக் கோட்டை வைத்தே ஒரு வாரம் ஊரைச் சிரிக்க வைத்திருப்பார்.

சாரத்தின் மேல் நின்றுகொண்டே, கீழே கலவை குழைக்கிறவர்களைச் சிரிக்க வைத்து வேலை வாங்குகிற மனிதர் அவர். இப்போது வாயில் ஈ நுழைந்தாலும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார். கொட்டகை வாசலில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருப்பார், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. சாப்பாடு வந்தால் கையை எடுப்பார். முடிந்ததும் மறுபடி தொடைக்கு அடியில்.

"இந்தக் கைதான்டா மாப்ள" என்பார், கம்பிக்காரர் எப்போது போனாலும். "தூணுக்குக் காங்கிரீட் போட்ட அன்னைக்குக் கலவை கெட்டியா இருந்துச்சு. உங்க அக்கா வேற சோறு ஆறுது ஆறுதுன்னு கத்திக்கிட்டே இருந்தா. ரெண்டு வாளித் தண்ணி சேர்த்து ஊத்திட்டேன். சட்டுனு எறங்கிடுச்சு. தண்ணி கூடினா காங்கிரீட்டுல உயிர் இருக்காதுன்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். ரெண்டு வாளித் தண்ணிடா. அதுலதான் அவ போயிட்டா."

கம்பிக்காரர் "அப்படியெல்லாம் இல்ல அத்தான்" என்பார். அவ்வளவுதான் சொல்வார். ஏன் இல்லை என்று சொல்ல மாட்டார். அது அவருக்குத் தெரியும். இடிபாட்டில் கல்லை அள்ளிப் போட்ட முதல் மணி நேரத்திலேயே தெரியும்.

என்ன தெரியும் என்று கேட்பீர்கள். தூணுக்குள் நீளவாட்டில் நிற்கிற கம்பிகளைச் சுற்றி, ஒட்டியாணம் மாதிரி, சாண் இடைவெளியில் ரிங் போடுவார்கள். அந்த ரிங்கின் இரண்டு முனைகளையும் நன்றாக உள்பக்கம் மடக்கி, தூணின் வயிற்றுக்குள் குத்தி நிற்கிற மாதிரி விட வேண்டும். அது முழுக் கொக்கி. பாதி மடக்கி, சுவர் மூலை மாதிரி நேர்க்கோணமாக விட்டால் அரைக் கொக்கி. காங்கிரீட் போட்டு மூடிவிட்டால் இரண்டும் ஒன்றுதான், எமனுக்கே வித்தியாசம் தெரியாது. பூமி ஆடினால் மட்டும்தான் தெரியும்.

அக்கா வீடு எழும்பிய வருஷம் கம்பிக்காரருக்குத் தலைக்கு மேல் வேலை. ஊர்க்கோடியில் ஒரு டாக்டர் பங்களா கட்டிக்கொண்டிருந்தார். அங்கே மேற்பார்வைக்காரர் ஒருவர் அளவு நாடாவோடு கூடவே நிற்பார். கொக்கி முழுதாக மடங்கவில்லை என்றால் கழற்றச் சொல்லிவிடுவார். அதனால் அங்கே எல்லாமே முழுக் கொக்கி. அக்கா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வர முடிந்தது. நூற்றுக்கணக்கில் ரிங். வளைக்கிற சாவியை இன்னும் ஒரே ஓர் அழுத்து அழுத்தினால் முழுக் கொக்கி விழுந்துவிடும். அந்த ஓர் அழுத்துதான் மணிக்கட்டைப் பிடுங்கி எடுக்கும். பத்து ரிங் வளைத்துப் பார்த்தார். பிறகு, "நம்ம வீடுதானே, யாரு கேக்கப்போறா" என்று பாதியோடு விட்டுவிட்டார். அக்கா கொண்டுவந்த மோரைக் குடித்துவிட்டு சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தார். "என் தம்பி கை மிஷினு" என்று அக்கா பக்கத்து வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டது காதில் விழுந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

டாக்டர் பங்களாவில் இன்றுவரை ஒரு விரிசல் இல்லை. ஊரான் வீட்டுக்கு முழுக் கொக்கி, கூடப் பிறந்தவள் வீட்டுக்கு அரைக் கொக்கி.

நாலாம் மாதம், திரும்பக் கட்டுகிற வேலை தொடங்கியது. அதற்கு முன்னால் கொத்தனார்களுக்கும் கம்பி கட்டுகிறவர்களுக்கும் பத்து நாள் வகுப்பு என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நடத்த வந்தவர் ஓர் இன்ஜினியரம்மா. ஒல்லியான பெண், குரல் மட்டும் லாரி ஹாரன். வகுப்பை ஒழுங்காக முடிக்கிறவர்களில் சிலரைச் சோதனை பார்க்கிற வேலைக்கு எடுப்பார்கள் என்றும், இனி எந்த வீட்டிலும் அந்தச் சோதனைக்காரர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் தூணுக்குக் காங்கிரீட் போடக் கூடாது என்றும் முதல் நாளே சொல்லிவிட்டார்.

கொத்தனார் வர மறுத்துவிட்டார். "நான் இனி கரண்டியைத் தொட்டா பாவம்" என்றார். கம்பிக்காரர் போனார்.

மூன்றாம் நாள் ஒரு தள்ளுவண்டியில் உடைந்த தூண் துண்டுகளை ஏற்றிக்கொண்டு வந்து வகுப்பில் இறக்கினார்கள். எந்த வீட்டுத் துண்டு என்று யாருக்கும் தெரியக் கூடாதென்று சுண்ணாம்புக் கட்டியால் எண் மட்டும் போட்டிருந்தார் இன்ஜினியரம்மா. ஏழாம் எண் துண்டின் அடியில், தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் படுகிற மாதிரி, நகக்கண் அளவு கிளிப்பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்ஜினியரம்மா ஒரு சுத்தியலால் அதைத் தட்டினார். கணீரென்று கேட்டது.

"இந்தக் காங்கிரீட்டைப் பாருங்க. அருமையான காங்கிரீட். போட்டவர் யாரா இருந்தாலும் அவர் கையில கண்ணு ஒத்திக்கலாம். அப்படியும் ஏன் விழுந்துச்சு? இதோ, ரிங்கைப் பாருங்க. பாதிதான் மடக்கியிருக்கு. ஆட்டம் வந்ததும் ரிங் வாயைப் பொளந்துடுச்சு, நீளக் கம்பி வெளியே பிதுங்கிடுச்சு. இன்னும் ஒரு வளைவு வளைச்சிருந்தா இந்த வீட்டுல இருந்தவங்க பிழைச்சிருப்பாங்க. ஒரே ஒரு வளைவு."

"எந்தச் சோம்பேறிப் பய கட்டினானோ" என்றார் பின் வரிசையில் ஒருவர். நாலைந்து பேர் சிரித்தார்கள். கம்பிக்காரரும் சிரித்தார். ஆமாம், சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் யாராவது தன் முகத்தைப் பார்த்துவிடுவார்களோ என்று பயம்.

அன்று சாயங்காலம் கடுகு அவரைத் தேடி வந்தாள். "மாமா, நீங்கதான் அப்பாகிட்ட பேசணும். மழைக்காலம் வர்றதுக்குள்ள அஸ்திவாரம் தோண்டலேன்னா உதவிப் பணப் பட்டியல்லேருந்து பேரை எடுத்துடுவாங்களாம். இவரு அசைய மாட்டேங்கறாரு. ராத்திரி தூங்கறதே இல்ல. நான் அம்மாவைத் தொலைச்சுட்டேன் மாமா. இவரையும் தொலைச்சுடுவேன் போலிருக்கு" என்று அழுதாள்.

சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் கம்பிக்காரர் கிளம்பினார். அதை நாம் நம்பலாம். வழி நெடுக வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனார். கொட்டகை வாசலில் கொத்தனார் டப்பாமேல் உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், உங்க தூணை இன்னைக்கு வகுப்புல பார்த்தாங்க. காங்கிரீட் அருமையா இருக்குன்னாங்க. போட்டவர் கையில கண்ணு ஒத்திக்கலாம்னு சொன்னாங்க."

கொத்தனார் தலையைத் தூக்கினார். மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கண்ணைப் பார்த்தார். "நெசமாவா? என் மேல சத்தியமாச் சொல்லு."

"உங்க மேல சத்தியமா."

"அப்புறம் ஏன்டா விழுந்துச்சு?"

நியாயமான கேள்வி. கம்பிக்காரர் பதிலைக் கையோடுதான் கொண்டுவந்திருந்தார். அந்தக் கண்கள் தன்னை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பார்வையை இழக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. "மண்ணு அத்தான்" என்றது வாய். "கீழ மண்ணு சரியில்லையாம். இளகின மண்ணாம். என்னதான் கட்டினாலும் அந்த இடத்துல நிக்காதாம்."

கொத்தனார் கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். பக்கத்துக் கொட்டகைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கடுகு ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் தோளுக்கு மேலே அவள் மாமாவைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு நன்றி. கம்பிக்காரர் அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு தன் கொட்டகைக்குத் திரும்பினார்.

மறுநாள் கொத்தனார் சவரம் பண்ணிக்கொண்டார். அதற்கு மறுநாள் கோட்டுக் கிழவரிடம் "பெரியவரே, பொண்ணு வீட்டுக்காரங்க எத்தனை மணிக்கு வர்றாங்க?" என்று கேட்டுத் தண்ணீர் வரிசையையே சிரிக்க வைத்தார். பொய் சொன்னதும் நல்லதுக்குத்தான் போலிருக்கிறது என்று கம்பிக்காரர் நினைத்துக்கொண்டார். பொய்க்கு இப்படி ஒரு சாமர்த்தியம் உண்டு, முதல் வாரம் நல்லதாகத்தான் தெரியும்.

இடிந்துபோன அந்த வீட்டைக் கட்டுவதற்கு முன்பு, அந்தக் காலத்தில், கொத்தனார் குடும்பத்துக்கு இரண்டு மனை தெரிந்தெடுக்கக் கிடைத்தது. ஒன்று மேட்டுப் பக்கம், ஒன்று தெருக்கோடி. கொத்தனார் மேட்டு மனையைக் கேட்டார். அக்காதான் ஒற்றைக்காலில் நின்று தெருக்கோடியை வாங்க வைத்தாள். "மேட்டுல போய் உக்காந்து யார்கிட்ட பேசறது, காக்காகிட்டயா?" என்பது அவள் கட்சி. குழாயும் பக்கம், பேச நாலு வாயும் பக்கம்.

இது கம்பிக்காரருக்குத் தெரிந்த விஷயம்தான். மண் என்று வாய் சொன்னபோது அவர் இதை நினைக்கவில்லை. கொத்தனார் நினைத்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, வருத்தமாகத்தான் சொன்னார். "மேட்டு மனையை வாங்கலாம்னு தலையால தண்ணி குடிச்சேன். கேட்டாளா?" பத்து நாளில் வருத்தம் கோபமாக மாறியது. மூன்று மாதமாகத் தன்னையே தின்றுகொண்டிருந்த மனிதருக்கு, தின்ன வேறொன்று கிடைத்துவிட்டது. தண்ணீர் லாரியில் சொன்னார், சாப்பாட்டு வரிசையில் சொன்னார், முடிவெட்டுகிறவரிடம் சொன்னார். "ஊர் வம்பு பேசறதுக்கு வசதியா மனை வாங்கினா என் பொண்டாட்டி. அந்த வம்பே அவளை முழுங்கிடுச்சு. பிடிவாதம் பிடிச்சவ. எம் பொண்ணு அன்னைக்கு வீட்டுல இருந்திருந்தா அவளையும் சேர்த்துக் கொன்னிருப்பா."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். கம்பிக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை "போனவங்களை விடுங்க அத்தான்" என்றார். "உனக்கென்னடா, நீ அவ தம்பி, அப்படித்தான் பேசுவே" என்று கொத்தனார் அவர் தோளில் தட்டினார்.

கடுகு அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் மாமாவின் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். "மாமா, மண்ணு நெசமாவே கெட்டதா? பழைய வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினப்ப நானே பார்த்தேன். பாறை மாதிரி இருந்துச்சு. கடப்பாரை இறங்கலேன்னு அப்பாவே திட்டினாரு. இப்ப அவரே அதை மறந்துட்டாரு."

"இன்ஜினியர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் கம்பிக்காரர். கையிலிருந்த தம்ளரைக் கழுவப் போகிற சாக்கில் எழுந்துவிட்டார். இரண்டாம் தடவையும் கிடைத்த வாய்ப்பு இப்படிப் போயிற்று.

வகுப்பு முடிந்து, சோதனைக்காரர்களாக ஆறு பேரை எடுத்தார்கள். கம்பிக்காரர் அதில் ஒருவர். மஞ்சள் சட்டையும் அளவு நாடாவும் கொடுத்தார்கள். மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், "முழுசா மடக்குங்க, முழுசா மடக்குங்க" என்று சொல்வது அவர் வேலையாகிவிட்டது. கெட்டிக்காரர் என்று பேர் வாங்கினார். எந்தச் சிறு கொக்கியும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்றார்கள்.

பழைய மனையில் கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு ஊருக்கு வெளியே, இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரத்தில், புது மனை கொடுத்தார்கள். பழைய மனையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அங்கே லாரி நிறுத்துகிற இடம் வரும். கொத்தனார் பேர் கொடுத்தார். கடுகு அழுதாள், கத்தினாள், இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மா இருந்த இடம் என்று அவளுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். "அந்த மண்ணு உங்கம்மாவைத் தின்னுச்சு, உன்னையும் குடுக்கச் சொல்றியா?" என்று கொத்தனார் கேட்டார்.

கையெழுத்துப் போடுகிற நாள். பள்ளிக்கூட முற்றத்தில் கூடாரம், கூடாரத்தில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஜலதோஷம் பிடித்த எழுத்தர். சாட்சிக் கையெழுத்துக்கு மச்சினன் வேண்டும் என்று கொத்தனார்தான் கம்பிக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார். கடுகு கொஞ்சம் தள்ளி, யாரோ மாதிரி நின்றாள்.

எழுத்தர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பழைய இடத்தை விடறதுக்குக் காரணம்?" என்று கேட்டார்.

"காரணமா?" என்றார் கொத்தனார். வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். பழைய சாரத்துக் குரல். "என் பொண்டாட்டி வாய்தான் சார் காரணம். அதை அப்படியே எழுதிக்குங்க. பேசறதுக்கு ஆள் வேணும்னு படுகுழியில கொண்டுபோய் வீட்டைக் கட்ட வச்சா. இப்ப நல்லா மண்ணோட பேசிட்டிருக்கா."

வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கடுகு திரும்பிப் பார்க்காமல் கூடாரத்தை விட்டு நடந்தாள்.

"அத்தான், கையெழுத்துப் போடாதீங்க" என்றார் கம்பிக்காரர்.

"ஏன்டா?"

"மண்ணுல ஒண்ணும் இல்ல. மண்ணு நல்ல மண்ணு. நான்தான் பொய் சொன்னேன்." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "ரிங்கை நான் பாதிதான் மடக்கினேன் அத்தான். நம்ம வீடுதானேன்னு விட்டுட்டேன். அதனாலதான் விழுந்துச்சு. அக்கா மேல தப்பில்ல. உங்க மேலயும் இல்ல."

எழுத்தர் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினார். கொத்தனார் பேனாவை மேஜைமேல் வைத்தார். உருண்டு விழாமல் இருக்க, ஒரு காகிதத்தை அதற்கு அண்டை கொடுத்தார். ரொம்ப நிதானமாகச் செய்தார்.

"எத்தனை ரிங்கு?"

"மொதப் பத்தைத் தவிர எல்லாமே."

"எப்பத் தெரியும் உனக்கு? வகுப்புலயா?"

"இல்ல. கல்லை அள்ளினோமே, அன்னைக்கே."

அடிப்பார் என்று கம்பிக்காரர் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரிங்கை விடு" என்றார் கொத்தனார். "நான் மட்டும் யோக்கியனா? எத்தனை வீட்டுல அவசரத்துக்குப் பூசிட்டு வந்திருக்கேன். அது நம்ம எல்லார் கையிலயும் இருக்கிற புத்தி. அதுக்கு உன்னை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா நாப்பது நாளா அவளை நான் பேசினேனே. ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம அவளைப் பத்திப் பேசினேனே. செத்தவளை. எம் பொண்ணு காதுல விழ. நீ எம் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுத்தானே இருந்தே?"

கம்பிக்காரர் ஓர் அடி கிட்டே போனார். "அத்தான்" என்றார்.

"தண்ணி ஊத்தினது நான்னு நினைச்சப்போகூட அவ என்கூடத்தான்டா இருந்தா. ராத்திரி பூரா அவகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருப்பேன். அவளும் கேட்டுக்கிட்டு இருக்கற மாதிரியே இருக்கும். நீ மண்ணுன்னு சொன்ன அன்னையிலேர்ந்து அவ இல்ல. நானே விரட்டிட்டேன். இனி நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

அவர் எழுத்தர் பக்கம் திரும்பினார். "என் பேரை அடிச்சிடுங்க சார். பழைய இடத்துலயே கட்டிக்கறோம்." பிறகு மகள் போன திசையில் நடந்தார். வேகமாக நடக்க முயன்று, முடியாமல், கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடி நடந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கம்பிக்காரர் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. தண்ணீர் வரிசையில் எதிரே வந்தால் கொத்தனார் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்த்தார். யாரையோ பார்ப்பது போலப் பார்த்தார். அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது, பாறை மாதிரி மண், கடப்பாரை இரண்டு உடைந்தது என்று மற்றவர்கள் சொல்லித்தான் கம்பிக்காரர் தெரிந்துகொண்டார். கம்பி கட்டக் கொத்தனார் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்திருக்கிறார் என்பதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டார்.

தூணுக்குச் சோதனை பார்க்க வேண்டிய நாள் வந்தது. "அந்தத் தெருவை வேற யாருக்காவது குடுங்களேன்" என்று இன்ஜினியரம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தார். "ஆறு பேர்ல ரெண்டு பேருக்குக் காய்ச்சல். நீங்க போகலேன்னா அவங்க காங்கிரீட் ஒரு வாரம் தள்ளிப் போகும், மழை வந்துடும்" என்றார் அவர். கம்பிக்காரர் போனார்.

நாலு தூணுக்கும் கம்பி நின்றது. ஒரு பக்கம் ஜல்லி, ஒரு பக்கம் மணல், நடுவில் கலவை இயந்திரம். கொத்தனார் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு இருந்தார். மஞ்சள் சட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க சார்" என்றார்.

இருபத்தைந்து வருஷமாக டேய் மாப்ள என்று கூப்பிட்ட வாய். குத்திக் காட்டுகிற தொனிகூட அதில் இல்லை. மேற்பார்வைக்கு வருகிற எவரையும் கூப்பிடுவது போல, மரியாதையாகக் கூப்பிட்டார். கம்பிக்காரர் தலையை ஆட்டிவிட்டு முதல் தூணுக்குப் போனார். அளவு நாடாவை இழுத்து, ரிங்குக்கும் ரிங்குக்கும் உள்ள இடைவெளியை அளந்தார்.

ஒவ்வொரு ரிங்காகப் பார்த்தார். வெளியூர்க்காரன் நன்றாகக் கட்டியிருந்தான். முழுக் கொக்கி, எல்லாமே உள்ளே குத்தி நின்றன. மூன்றாவது தூணில் முழங்கால் உயரத்தில் ஒன்று மட்டும் சரியாக மடங்காமல் இருந்தது. அவர் கை தானாகவே இடுப்பிலிருந்த சாவியை உருவிக்கொண்டு குனிந்தது.

"அதைத் தொடாதீங்க சார்" என்றார் கொத்தனார். "ஆள் இருக்கான். எந்த ரிங்குன்னு மட்டும் காட்டுங்க."

கம்பிக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு விலகி நின்றார். வெளியூர்க்காரன் வந்து ஓர் அழுத்து அழுத்தினான். அவ்வளவுதான், ஒரு நொடி. கொக்கி முழுதாக மடங்கியது.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொத்தனார் அதை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரியா இருக்கா சார்?"

"சரியா இருக்கு, அத்தான்."

கொத்தனார் அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளவில்லை. "கடுகு, சாருக்குத் தண்ணி குடு" என்றார்.

அவள் செம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். மாமா என்று சொல்லவில்லை. சார் என்றும் சொல்லவில்லை. அவர் குடித்து முடிக்கும் வரை நின்று, செம்பை வாங்கிக்கொண்டு போனாள்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. கொத்தனார் கலவைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனிடம் போய், வாளியைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டு, அளந்து அளந்து ஊற்றினார். கம்பிக்காரர் முதல் தூணுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். யாரும் போகச் சொல்லவில்லை. ஒரு சட்டிக் கலவையாவது தூக்கிக் கொடுக்கலாமா என்று குனிந்தார்.

"தள்ளி நில்லுங்க சார்" என்றார் கொத்தனார். "மேல தெறிக்கும்."

கம்பிக்காரர் தள்ளிப்போய்த் தெருவில் நின்றுகொண்டார்.